கொரியாவின் காசு யார் கையில் இருந்தது?

2024 ஜூலை 3 அன்று ஜப்பான் புதிய 10,000 யென் நோட்டை வெளியிட்டது. அதில் இருப்பவர் ஷிபுசாவா எயிச்சி. ஜப்பானின் முதல் நவீன வங்கியை வளர்த்தெடுத்தவர். ரயில், காகிதம், காப்பீடு என்று சுமார் 500 நிறுவனங்களில் அவர் கை உண்டு என்பார்கள். ஜப்பானியர்களுக்கு நோட்டில் இந்த முகம் புதிது. கொரியர்களோ இதை 122 வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். 1902இலேயே இவர் படம் போட்ட நோட்டு கொரியாவில் புழங்கியது. கொரிய அரசு அதைக் கேட்கவும் இல்லை, அதற்கு அனுமதி கொடுக்கவும் இல்லை. ஒரு ஜப்பானியத் தனியார் வங்கி தன் தலைவரின் படத்தை அச்சடித்து, அடுத்த நாட்டுக் கடைத்தெருவில் இறக்கிவிட்ட நோட்டு அது. புது யென் நோட்டில் இவர்தான் வரப்போகிறார் என்ற அறிவிப்பு வந்தபோது தென் கொரியாவில் பலர் முகம் சுளித்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு நாட்டை அன்னியர் பிடிக்கும்போது அதன் காசுக்கும் வங்கிக்கும் என்ன ஆகிறது என்று புரிந்துகொள்ள, கொரியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. படை இறங்குவதும் கொடி மாறுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். காசு மாறுவது அப்படிச் சத்தம் போடாது. கொரியாவில் கொடி மாறியது 1910இல். காசு அதற்கு ஐந்து வருஷம் முன்பே கைமாறிவிட்டது. ஜப்பான் 1945இல் வெளியேறிய பிறகும் அந்தக் காசு போகவில்லை.

நோட்டு என்பது ஒரு கடன் சீட்டு

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். கையில் இருக்கும் 100 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். இத்தனை ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதாவது அது அந்த வங்கி உங்களுக்கு எழுதிக்கொடுத்த கடன் சீட்டு. வினோதமான கடன் சீட்டு: வட்டி கிடையாது, திருப்பிக் கேட்டு யாரும் வங்கி வாசலில் நிற்பதும் இல்லை. அதை அச்சடிக்க ஆகும் செலவு சில ரூபாய்தான். ஆனால் அதைக் கொடுத்து 100 ரூபாய்ச் சரக்கை வாங்க முடிகிறது. நடுவில் இருக்கும் வித்தியாசம் அச்சடிப்பவருக்கு. இதை அச்சு லாபம் என்று வைத்துக்கொள்வோம்.

நோட்டு அடிக்கும் உரிமை உள்ள வங்கி, அரசாங்கத்தின் பணத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்து, மற்ற வங்கிகள் தடுமாறும்போது கடன் கொடுத்துத் தூக்கியும் விட்டால், அதுதான் மத்திய வங்கி. எவ்வளவு நோட்டு அடிப்பது, யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்பதெல்லாம் அதன் கையில். அந்த வங்கியின் முதலாளி வேறு நாட்டுக்காரராக இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் கொரியாவின் கதை.

உள்ளூர்க் காசின் சீர்கேடு

கொரியர்களின் பழைய காசு, நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டமான பித்தளைக் காசு. யொப்ஜொன் என்பார்கள். 1678 முதல் இருநூறு ஆண்டுக்கு மேல் அதுதான் புழக்கம். ஓட்டையில் கயிறு கோத்துச் சரம் சரமாகத் தூக்கிப் போவார்கள். பெரிய வியாபாரத்துக்கு அந்தச் சுமை கட்டுப்படியாகாது. அதனால் வணிகர்கள் தங்களுக்குள் ஒரு காகிதத்தில் தொகையை எழுதி, அதை நடுவில் கிழித்து, கடன் வாங்கியவர் பாதி, கொடுத்தவர் பாதி வைத்துக்கொள்வார்கள். பணம் கொடுக்கும் நாளில் இரண்டு பாதியும் ஒட்டிப் பார்க்கப்படும். இதற்கு ஓயும் என்று பெயர். நம்மூர் வணிகர்களின் உண்டியல் சீட்டுக்குத் தூரத்து உறவு. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு, கொஞ்ச நேரத்தில் இது அறுந்து விழப்போகிறது.

கொரிய அரசவையும் சுத்தம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1866இல் அரண்மனையைத் திரும்பக் கட்டப் பணம் தேவைப்பட்டபோது, ஒரே காசை அடித்து அது நூறு காசுக்குச் சமம் என்று அறிவித்தார்கள். அதிலிருந்த உலோகமோ பழைய காசு ஐந்தாறுக்கு மேல் தேறாது. விலைவாசி எகிறியது, கொஞ்ச நாளில் அந்தக் காசைக் கைவிட்டார்கள். பாடம் படிக்கவில்லை. 1892 முதல் பேக்தோங்ஹ்வா என்ற நிக்கல் காசை அடிக்க ஆரம்பித்தார்கள். அதன் உலோக மதிப்பு முகமதிப்பைவிட ரொம்பக் குறைவு. அரசின் நாணயச்சாலை அடித்தது போதாதென்று, கட்டணம் வாங்கிக்கொண்டு தனியாரையும் அடிக்கவிட்டார்கள். கள்ளக்காசு வேறு. அதில் ஒரு பங்கு ஜப்பானிலேயே அடிக்கப்பட்டுக் கப்பலில் கடத்தி வரப்பட்டது. 1900 வாக்கில் கொரியாவின் மத்தியப் பகுதியில் நிக்கல் காசு, தெற்கே பழைய பித்தளைக் காசு, துறைமுகங்களில் ஜப்பானிய யென் என்று ஊருக்கொரு காசாக ஆகியிருந்தது.

ஜப்பானின் தாய்-இச்சி வங்கி, அதாவது ஷிபுசாவாவின் 'முதலாம் வங்கி', 1878இலேயே பூசான் துறைமுகத்தில் கிளை திறந்துவிட்டது. 1884இல் கொரியத் துறைமுகங்களில் சுங்கவரி வசூலைக் கையாளும் வேலையும் அதற்குக் கிடைத்தது. உறுதியாக வந்துகொண்டிருந்த அரசு வருமானம் அந்த வரிதான். அது நேராக ஒரு வெளிநாட்டு வங்கியின் பெட்டியில் போய் விழுந்தது. அப்புறம்தான் 1902 நோட்டு. இந்த நோட்டைக் கொண்டுவந்தால் ஜப்பானிய யென் தருகிறோம் என்று அதில் வாக்குறுதி. கொரியப் பேரரசர் கோஜோங்கின் கருவூலத்தைக் கவனித்த யி யொங்-இக்குக்கு இதன் ஆபத்து புரிந்தது. நோட்டைத் தடை செய்தார்கள். ஜப்பான் 1903இல் ஒரு போர்க்கப்பலை இஞ்சோன் துறைமுகத்துக்கு அனுப்பியது. தடை நீங்கியது.

அதே 1903இல் கொரிய அரசு தனக்கென்று ஒரு மத்திய வங்கி அமைக்கச் சட்டமும் போட்டது. இதைப் பல சுருக்க வரலாறுகள் விட்டுவிடுகின்றன. கொரியர்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஜப்பான் வந்துதான் கற்றுக்கொடுத்தது என்ற கதைக்கு அந்தச் சட்டம் இடைஞ்சல். ஆனால் சட்டம் காகிதத்திலேயே நின்றுவிட்டது. வங்கி தொடங்கக் கையில் தங்கமோ வெள்ளியோ வேண்டும்; அதற்காக வெளிநாட்டுக் கடன் வாங்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1904 பிப்ரவரியில் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டு ஜப்பானியப் படை கொரியாவில் இறங்கியது. யி யொங்-இக்கைப் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்று தரம்

1904 ஆகஸ்டில் ஓர் ஒப்பந்தம். இனி கொரிய அரசு ஜப்பான் அனுப்பும் நிதி ஆலோசகரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். வந்தவர் மெகாட்டா தனேதாரோ, ஜப்பானிய நிதி அமைச்சக அதிகாரி. வந்த கையோடு கொரிய நாணயச்சாலையை இழுத்து மூடினார். 1905 தொடக்கத்தில் தாய்-இச்சி வங்கி கொரியாவின் கருவூலத்தைக் கவனிக்கும் வங்கியானது. அதன் நோட்டு சட்டப்படி செல்லுபடியாகும் பணமும் ஆனது. ஷிபுசாவா முகம் போட்ட காகிதத்தை இனி யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

1905 ஜூலை 1 முதல் பழைய நிக்கல் காசை மாற்றும் வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு காசையும் பார்த்து மூன்றாகத் தரம் பிரித்தார்கள். நல்ல காசு முதல் தரம். அதற்குப் புதுப் பணத்தில் இரண்டரை ஜொன். (நூறு ஜொன் ஒரு வொன்.) கொஞ்சம் மட்டமானது இரண்டாம் தரம், அதற்கு ஒரே ஒரு ஜொன். மூன்றாம் தரம் செல்லாக்காசு, அதற்கு ஒன்றும் கிடையாது.

சியோலின் ஜோங்னோ கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்யும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் ஆயிரம் நிக்கல் காசு இருக்கிறது. நேற்று வரை எல்லாம் ஒரே காசு. வாடிக்கையாளர் கொடுத்தார், இவர் வாங்கினார். எல்லாமே முதல் தரமாக இருந்திருந்தால் 25 வொன் கிடைக்கும். இப்போது பிரித்துப் பார்த்தால் 400 முதல் தரம், 400 இரண்டாம் தரம், 200 செல்லாது என்று வைத்துக்கொள்வோம். 10 வொன்னும் 4 வொன்னும் சேர்ந்து 14 வொன். பாதிக்குக் கொஞ்சம் மேல். (இந்தப் பிரிவு கணக்குக்காக நான் வைத்தது.) மட்டக்காசை அடித்துக் காசு பார்த்தவர் எப்போதோ போய்விட்டார், கடைசியாக யார் கையில் அது மாட்டியதோ அவர் தலையில் நஷ்டம் விழுந்தது.

நஷ்டத்தைவிட மோசமானது அடுத்து வந்த பணத் தட்டுப்பாடு. பழைய காசு உள்ளே போன வேகத்துக்குப் புதுப் பணம் வெளியே வரவில்லை. ஜப்பானிய வியாபாரிகளுக்கு மாற்றம் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது, கையில் யென்னும் இருந்தது. கொரிய வணிகர்கள் ஓயும் சீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கொடுத்தால்தான் அடுத்தவர் கொடுக்க முடியும். முதல் ஆளிடம் ரொக்கம் இல்லாததால் கிழித்த பாதிகள் ஒட்டவே இல்லை. சியோலில் தலைமுறை தலைமுறையாக இருந்த கடைகள் மூடப்பட்டன.

இந்தச் சீர்திருத்தத்துக்கு ஆன செலவை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கொரிய அரசு தாய்-இச்சி வங்கியிடம் 30 லட்சம் யென் கடன் வாங்கியது. தன் காசை ஒழித்து அந்த வங்கியின் நோட்டைக் கொண்டுவர, அந்த வங்கியிடமே கடன், அதற்கு வட்டியும் கட்ட வேண்டும். பழைய நிக்கல் காசு நோய் பிடித்தது என்பது உண்மை. அதற்கு வைத்தியம் தேவைப்பட்டதும் உண்மை. வைத்தியர் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டார்.

இப்படிச் சேர்ந்த கடன் 1907இல் சுமார் 1 கோடியே 30 லட்சம் வொன்னை எட்டியது. ஏறக்குறைய அரசின் ஒரு வருஷ வரவுசெலவு. அந்த ஆண்டு பிப்ரவரியில் தேகு நகரில் ஒரு யோசனை பிறந்தது. நாட்டில் 2 கோடிப் பேர். ஒவ்வொருவரும் மூன்று மாதம் புகையிலையை விட்டால், மாதம் 20 ஜொன் வீதம் ஆளுக்கு 60 ஜொன் மிச்சம். 2 கோடியை 60 ஜொன்னால் பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் வொன். மீதியை வசதி உள்ளவர்கள் போடட்டும், கடனை அடைத்துவிடலாம்! ஆண்கள் புகைக்குழாயைத் தூக்கி வைத்தார்கள், பெண்கள் மோதிரத்தையும் கொண்டை ஊசியையும் கழற்றிக் கொடுத்தார்கள். கடன் அடையவில்லை. இயக்கத்தின் பின்னால் நின்ற பத்திரிகையாளர் யாங் கி-தக் மீது 1908இல் வசூல் பணத்தைக் கையாடியதாக வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆனால் அதற்குள் இயக்கம் படுத்துவிட்டது. மத்திய வங்கியோ அச்சு லாபமோ பற்றிப் பாடம் எடுக்காமலேயே, கடன் எந்த வழியாக நாட்டை விழுங்குகிறது என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிந்திருந்தது என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். அந்த இயக்கத்தின் ஆவணங்கள் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தன.

வேலியாக ஒரு வங்கி

1909இல் 'கொரிய வங்கி' என்ற பெயரில் ஒரு மத்திய வங்கி அமைக்கப்பட்டு, தாய்-இச்சியின் வேலைகள் அதற்கு மாற்றப்பட்டன. பெயர்தான் கொரியா, தலைவரும் மேல்நிலை அதிகாரிகளும் ஜப்பானியர்கள். 1910இல் நாடே ஜப்பானோடு இணைக்கப்பட்டது. கொரியப் பேரரசு இல்லாமல் போனதால் வங்கிக்கு அந்தப் பெயரும் ஆகாது என்று 1911இல் 'சோசென் வங்கி' ஆக்கினார்கள். சோசென் என்பது ஜோசொன் என்ற பழைய பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி வரும். நாடே ஜப்பானுடையது என்றான பிறகு, ஜப்பான் வங்கியின் நோட்டையே கொரியாவில் விட்டிருக்கலாமே? தனி வங்கி, தனி நோட்டு எதற்கு?

காரணம் தங்கம். அந்தக் காலத்தில் யென் நோட்டைக் கொடுத்தால் தங்கம் தருவதாக வாக்கு. கொரியாவிலோ அதற்கு அப்பாலோ பஞ்சம், போர், வங்கி முறிவு என்று எது வந்தாலும், ஜனங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு தங்கத்துக்கு ஓடிவருவார்கள். அந்த ஓட்டம் டோக்கியோவின் பெட்டியைத் தொடக்கூடாது. அதற்குத்தான் நடுவில் ஒரு வேலி. சோசென் வங்கி ஒரு வொன் நோட்டு அடித்தால் அதற்குப் பின்னால் தங்கமோ ஜப்பான் வங்கியின் நோட்டோ இருந்தால் போதும். அதாவது கொரியாவில் நோட்டின் பிணையம் டோக்கியோவின் நோட்டு. டோக்கியோவில் நோட்டின் பிணையம் தங்கம். கொரிய விவசாயி அரிசி விற்றுச் சேர்த்த பணத்தின் கடைசிப் பிணையம் அவர் ஊரிலேயே இல்லை.

வேலியை அப்படியே நகர்த்தவும் முடிந்தது. ஜப்பானியப் படை சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவுக்குள் போனபோது சோசென் வங்கியும் கூடவே போனது. 1917இல் அங்கே ஜப்பான் வசம் இருந்த பகுதிகளில் அதன் நோட்டு சட்டபூர்வப் பணம் ஆனது. 1937இல் வட சீனாவில் போர் பெரிதானபோது, படையின் ஆரம்பச் செலவுக்கு இந்த நோட்டுகளே போயின. ஒரு காலனியின் மத்திய வங்கி அடுத்த காலனியைப் பிடிக்கப் பணம் கொடுத்தது.

1938இல் வந்த ஏற்பாடு இன்னும் சாமர்த்தியமானது. பெய்ஜிங்கில் ஜப்பான் ஒரு பொம்மை வங்கியைத் தொடங்கி அதற்கு நோட்டு அடிக்கும் உரிமை கொடுத்தது. இப்போது இரண்டு கடைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கடைக்காரர் சோசென் வங்கி, இரண்டாமவர் பெய்ஜிங் வங்கி. படைக்கு ஒரு கோடி வேண்டும். டோக்கியோ அந்தத் தொகையைச் சோசென் வங்கியின் டோக்கியோக் கிளையில் வரவு வைக்கும். சோசென் வங்கி தன் பேரேட்டில், 'பெய்ஜிங் வங்கி நம்மிடம் ஒரு கோடி போட்டு வைத்திருக்கிறது' என்று எழுதும். பெய்ஜிங் வங்கியும் தன் பேரேட்டில், 'சோசென் வங்கி நம்மிடம் ஒரு கோடி போட்டு வைத்திருக்கிறது' என்று எழுதும். உண்மையில் யாரும் யாரிடமும் எதையும் போடவில்லை. படை போய் பெய்ஜிங் வங்கியில் அந்த ஒரு கோடியை உள்ளூர் நோட்டாக எடுத்துச் செலவழிக்கும். பெய்ஜிங்கின் பேரேட்டில் அதற்கு ஈடாக இருக்கும் யென்னை மட்டும் எடுக்க முடியாது. அது டோக்கியோவில்தான் இருக்கும், ஜப்பானிய அரசின் கடன் பத்திரமாக மாறியும் விடும். வட சீனாவில் ஒரு வண்டி நிலக்கரியை ராணுவம் வாங்கினால், கொடுத்தது அச்சடித்த காகிதம். சுமை முழுக்க அங்கே ஏறிய விலைவாசியில்.

கொரியாவுக்குள்ளும் இதே கதைதான். 1941இல் தங்கப் பிணைய விதி கைவிடப்பட்டது. அரசின் கடன் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே நோட்டு அடிக்கலாம் என்றானது. 1937 கடைசியில் 30 கோடி வொன்னுக்கும் குறைவாகப் புழக்கத்தில் இருந்த நோட்டு, 1945 ஆகஸ்டில் சுமார் 500 கோடி வொன்.

போகிற போக்கில்

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. அமெரிக்கப் படை தெற்குக் கொரியாவில் இறங்கியது செப்டம்பர் 8இல்தான். இடையில் இருந்த மூன்று வாரத்துக்கு மேலான காலத்தில் வங்கியும் அச்சுக்கூடமும் ஜப்பானியர் கையிலேயே இருந்தன. ஊருக்குக் கிளம்பும் ஜப்பானியர்களின் வைப்புத்தொகை, அதிகாரிகளின் சம்பளம், கம்பெனிகளின் பாக்கி எல்லாவற்றையும் நோட்டடித்துத் தீர்த்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு 800 கோடி வொன்னைத் தாண்டியது. ஆறே வாரம். நாற்பது வருஷத்தில் நடந்ததைவிட இந்த ஆறு வாரத்தை நினைத்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது. விடுதலை பெற்ற முதல் இலையுதிர்காலத்தில் சியோல் ஜனங்களுக்கு வந்து சேர்ந்த பரிசு, அரிசி விலை.

அமெரிக்க ராணுவ நிர்வாகம் சோசென் வங்கியை மூடவில்லை. மூடவும் முடியாது, எல்லோர் கையிலும் இருப்பது அந்த நோட்டு, எல்லோர் சம்பளமும் கடனும் அதில்தான். தலைமையில் ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியை உட்கார வைத்துவிட்டு அதே வங்கியை ஓட்டினார்கள். 1946இல் அடித்த நோட்டில், ஜப்பானிய அரசின் சின்னமான பௌலோனியாப் பூவை எடுத்துவிட்டு, கொரியர்கள் கொண்டாடும் முகுங்ஹ்வாப் பூவைப் போட்டார்கள். செம்பருத்தி இனத்துப் பூ அது. வங்கியின் பெயர் மாறவில்லை. கொரியாவின் வடக்குப் பாதியைப் பிடித்திருந்த சோவியத் படை அங்கே தன் ராணுவ நோட்டை விட்டது. அங்கே 1947 டிசம்பரில் பணத்தையே மாற்றினார்கள். நாடு இரண்டாகப் பிரிவது ஊர்ஜிதமாவதற்கு முன்பே காசு பிரிந்துவிட்டது.

1948இல் கொரியக் குடியரசு பிறந்தது. புது மத்திய வங்கிக்குச் சட்டம் எழுத நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து ஆர்தர் புளூம்ஃபீல்டு, ஜான் ஜென்சன் என்ற இருவரை அழைத்தார்கள். இதுவும் வெளிநாட்டுக் கைதான், ஆனால் எழுதிய விஷயம் வேறு. வங்கி அரசு கேட்டபோதெல்லாம் நோட்டடிக்கும் இயந்திரமாக இருக்கக்கூடாது, ஒரு குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று வரைவு செய்தார்கள். சட்டம் 1950 மே 5இல் வந்தது. ஜூன் 12இல் 'கொரிய வங்கி' திறந்தது. 1911இல் பறிபோன அதே பெயர். சோசென் வங்கியின் கட்டடம், சோசென் வங்கியின் ஊழியர்கள். அதன் தலைவராக இருந்த கூ யொங்-சொ புது வங்கிக்கு முதல் ஆளுநர்.

சரியாக 13 நாள் கழித்து, ஜூன் 25இல், வட கொரியப் படை எல்லையைத் தாண்டியது.

ஜூன் 27இல் வங்கியிலிருந்து சுமார் ஒரு டன் தங்கமும் இரண்டரை டன் வெள்ளியும் தெற்கே ஜின்ஹே கடற்படைத் தளத்துக்குக் கிளம்பின. மறுநாள் சியோல் விழுந்தது. எல்லாவற்றையும் தூக்கிப்போக நேரம் போதவில்லை. வெளியிடப்படாத சோசென் வங்கி நோட்டுகள் சியோலில் தங்கிவிட்டன, அவை வட கொரியப் படையின் கையில் சிக்கிப் புழக்கத்துக்கும் வந்தன. புது வங்கிக்குச் சொந்த நோட்டே இன்னும் அடிக்கவில்லை. பழைய நோட்டைத்தான் விட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதே நோட்டை எதிரியும் விடுகிறான். எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை.

அவசரமாகப் புது நோட்டு வேண்டும். தென் கொரியாவிடம் மிஞ்சியிருந்த நிலம் நாளுக்கு நாள் தெற்கே சுருங்கிக்கொண்டிருந்தது. அங்கே நோட்டு அடிக்கும் அச்சுக்கூடம் இல்லை. பக்கத்தில் இருந்தது ஜப்பான். அப்படித்தான் சுதந்திரக் கொரியாவின் மத்திய வங்கி வெளியிட்ட முதல் நோட்டுகள் டோக்கியோவில், ஜப்பானிய நிதி அமைச்சகத்தின் அச்சகத்தில் அச்சாகின. 1,000 வொன் நோட்டில் அதிபர் சிங்மன் ரீ, 100 வொன் நோட்டில் சியோல் அரண்மனையின் குவாங்ஹ்வாமுன் வாசல். அமெரிக்க ராணுவ விமானத்தில் வந்து இறங்கி, 1950 ஜூலை 22இல் தேகு நகரில் புழக்கத்துக்கு வந்தன. புகையிலையை விட்டுக் கடனை அடைக்கப் பார்த்த அதே தேகு.

ஆகஸ்ட் கடைசியில் சோசென் வங்கி நோட்டு செல்லாது என்று அறிவித்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தர ஆரம்பித்தார்கள். போர் நடந்ததால் ஊர் ஊராக, கட்டம் கட்டமாகத்தான் முடிந்தது. கடைசி நோட்டு மாற 1953 ஜனவரி ஆகிவிட்டது. அதாவது ஜப்பான் போய் ஏழு வருஷத்துக்கு மேல். அடுத்த மாதமே நூறு வொன்னை ஒரு ஹ்வான் என்று மாற்றினார்கள். 1962இல் பத்து ஹ்வான் ஒரு வொன் ஆனது. இன்று புழங்குவது அந்த வொன்தான்.

புளூம்ஃபீல்டு எழுதிய சட்டம் நிலைத்ததா என்றால், 1962இல் ராணுவ ஆட்சி அதைத் திருத்தி வங்கியை நிதி அமைச்சகத்தின் கைக்குள் கொண்டுவந்தது. கொரிய வங்கி இருப்பது சியோலின் நம்தேமுன் வட்டாரத்தில். அதனால் 'நிதி அமைச்சகத்தின் நம்தேமுன் கிளை' என்று அதைக் கிண்டல் செய்தார்கள். 1997 நெருக்கடியில் நாடு ஐ.எம்.எஃப். வாசலில் போய் நின்ற பிறகுதான் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. 1998 ஏப்ரல் முதல் வட்டி விகிதம் முடிவு செய்யும் குழுவுக்கு அமைச்சருக்குப் பதிலாக வங்கியின் ஆளுநரே தலைவர்.

சோசென் வங்கியின் பழைய தலைமையகம் இன்றும் நம்தேமுன் பக்கம் இருக்கிறது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தட்சுனோ கிங்கோ வரைந்து, 1912இல் கட்டி முடித்த கல் கட்டடம். போரில் எரிந்து, மறுபடி கட்டி, 2001 முதல் பண அருங்காட்சியகம். அதன் மூலையில் ஓர் அடிக்கல். அதில் 'அடிக்கல்' என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகள். அவை கொரியாவில் ஜப்பானின் முதல் தலைமை ரெசிடெண்டாக, அதாவது கொரிய அரசை மேலிருந்து நடத்திய ஜப்பானியப் பிரதிநிதியாக, இருந்த இதோ ஹிரோபுமி கைப்பட எழுதியவை என்று 2020இல் கொரியக் கலாச்சாரப் பாரம்பரிய நிர்வாகம் உறுதி செய்தது. கல்லில் முதலில் இருந்த அவர் பெயர் இப்போது இல்லை. யாரோ அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொரியாவின் கடைசிப் பேரரசர் ஆண்ட கணக்கில் ஒரு தேதியைப் பொறித்திருக்கிறார்கள்: யுங்ஹுய் 3ஆம் ஆண்டு (1909), ஜூலை 11.